கூட்டம் எங்கே நடக்கிறது?



மதுக்கடை எங்கே இருக்கிறது என்று நம் தெருவில் எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்குச் செல்லும் சிறுவன் கை நீட்டிக் காட்டுவான். பூக்கட்டும் மூதாட்டி, ‘இரண்டாவது திருப்பம், இடக்கைப் பக்கம்’ என்பாள். ஆட்டோ ஓட்டுநரோ, கேட்டு முடிக்குமுன்பே வண்டியைத் திருப்புவார். ஆனால், குடியை விட விரும்புவோர் கூடும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். விழிப்பர், உதட்டைப் பிதுக்குவர், ‘அப்படியும் ஒரு கூட்டம் உண்டா?’ என்று நம்மையே திருப்பிக் கேட்பர். விழுவதற்கு வழிகாட்டிகள் ஆயிரம். எழுந்து வருவதற்கு ஒரு கைகாட்டி மரமும் இல்லை!

அந்தக் கைகாட்டி மரத்தைத் தேடி அலைந்தவன் நான். எனக்காக அன்று, என் அண்ணனுக்காக. அலைந்து கண்டறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன். அவருடைய ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன். “என் பெயர் வேண்டாம், மற்றவற்றை எழுது. எவனோ ஒருவன் படித்துப் பிழைத்தால் போதும்” என்றார். ஆகவே, அவர் இங்கே ‘அண்ணன்’ மட்டுமே.

அண்ணன் அச்சகத் தொழிலாளி. வடசென்னையில் ஒரு சிறிய அச்சகத்தில் மை வாடையோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். எங்கள் பகுதிக் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளில் பாதி அவர் கைபட்டு வந்தவை. புரோகிதரின்றி, நல்ல நேரம் பாராது, தோழர்கள் முன்னிலையில் மணம் செய்துகொண்டவர். மாலைதோறும் படிப்பகத்தில் ஏடுகளை உரக்கப் படித்து, எழுத்தறியாத தோழர்களுக்குப் பொருள் கூறுவார். அறிவில் குறைவில்லை, அன்பில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை. இருந்தும் குடி அவரைப் பிடித்தது. முதலில் சம்பள நாளன்று, பிறகு சனிக்கிழமைதோறும், பிறகு நாள்தோறும். இறுதியில், விடிந்ததும் கால் புட்டி உள்ளே சென்றால்தான் கைநடுக்கம் நிற்கும், நடுக்கம் நின்றால்தான் எந்திரத்தில் தாளை ஏற்ற முடியும் என்ற நிலை!

‘இவ்வளவு படித்தவர் குடிப்பாரா?’ என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று கூறுவேன். குடிநோய், ஆளின் அறிவை அளந்து பார்த்து வருவதன்று. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே இதனை நோய் என ஏற்று, பொது மருத்துவமனைகளில் இடமளித்துச் சிகிச்சை தர வேண்டும் என்றது. நீரிழிவுக்காரரைப் பார்த்து, ‘மனவுறுதி இருந்தால் சர்க்கரையை இறக்கிக் காட்டு’ என்று நாம் அறைகூவல் விடுவதில்லை. குடிநோயாளியைப் பார்த்து மட்டும், வீட்டிலும் வீதியிலும், நாள் தவறாமல் விடுகிறோம்.

அண்ணனின் நிலை முற்றியதும் உற்றார் உறவினர் சும்மா இருப்பார்களா? ஒருவர், ‘அந்தக் கோயிலில் கயிறு கட்டினால் ஒரு மண்டலம் தொடமாட்டான்’ என்றார். இன்னொருவர், ‘மாலை போட்டுவிடு’ என்றார். மூன்றாமவர் ஒரு பொட்டலமே வாங்கி வந்துவிட்டார். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தப் பொடி! அண்ணி அதை அடுப்பங்கரைக்குள் நுழைய விடவில்லை. “தெரிந்து அவர் குடிப்பதே உடம்பைக் கெடுக்கிறது, தெரியாமல் நான் வேறு கெடுக்க வேண்டுமா?” என்று கேட்டார். எவ்வளவு தெளிவு! மதுவோடு சேர்ந்தால் நெஞ்சைப் படபடக்கச் செய்து, இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, உயிருக்கே உலை வைக்கக்கூடிய மருந்துகள் உண்டு. நோயாளி அறிய, அவர் இசைவோடு, மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டியவை அவை. உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத பொடியைச் சோற்றில் ஒளித்து ஊட்டுவது வைத்தியமன்று; வஞ்சகம்.

கயிற்றையும் பொடியையும் ஒதுக்கிவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். “நாளை முதல் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று வீட்டில் இருந்தபடியே திடீரென நிறுத்தாதீர்கள்” என்பதே மருத்துவர் கூறிய முதற்சொல். எங்களுக்கு வியப்பு. காரணத்தை அவரே விளக்கினார். நெடுங்காலம் நாள்தோறும் குடித்த உடல், திடீரென மது கிடைக்காதபோது கொந்தளிக்கிறது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில், இல்லாதது கண்முன் தோன்றி, இடமும் நேரமும் மறந்து, காய்ச்சலும் நடுக்கமுமாய் உயிரே போகலாம். இந்த வேளையில்தான், ‘பேய் பிடித்துவிட்டது’ என்று வேப்பிலைக்காரனைத் தேடி ஓடுகிறார்கள்! பேயுமன்று, பிசாசுமன்று. அதற்கு மருந்து உண்டு. உயிர்ச்சத்து ஊசி உண்டு. மருத்துவமனையில் படுக்கை உண்டு. பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

விடைபெறும்போது அம்மருத்துவர் கேட்ட கேள்வி இன்னும் என் செவியில் ஒலிக்கிறது. “உடம்பிலிருந்து குடியை இறக்கிவிட்டோம். இனி ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணி என்று ஒன்று வருமே, அப்போது இவர் எங்கே இருப்பார்?” எங்களிடம் விடை இல்லை. அவரே ஒரு தாளில் ஒரு முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்தார். ‘ஏ.ஏ. கூட்டம்’ என்றிருந்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: தம் பெயரை ஊரறியச் சொல்லாத குடிநோயாளிகளின் கூட்டுறவு என்று பொருள் கொள்ளலாம்.

முகவரிக்குச் சென்றோம். பூட்டுத் தொங்கிற்று. ‘முன்பு இங்கே நடந்தது, இப்போது இல்லை’ என்றார் காவலாளி. திரும்பும் வழியில் மூன்று மதுக்கடைகளைக் கடந்தோம். மூன்றும் இடம் மாறவில்லை, மூன்றும் திறந்திருந்தன! அண்ணன் என் கையை இறுகப் பற்றியபடியே நடந்தார்.

மறுநாள் அந்த எண்ணை அழைத்தேன். “யாருக்கு?” என்று கேட்டது ஒரு குரல். “என் அண்ணனுக்கு” என்றேன். “அவரிடமே கொடுங்கள்” என்றார். இருவரும் அரை மணி நேரம் பேசினர். நான் கேட்டது அண்ணன் பக்கத்துச் சொற்களை மட்டுமே: “ஆமாம்… எனக்கும் அப்படித்தான்… ஆமாம், எனக்கும்…” மன்றாடிய மனைவியிடம், அழுத தாயிடம், அறிவுரை கூறிய எங்களிடம் பத்தாண்டுகளாக அவர் சொல்லாத சொல் அந்த ‘எனக்கும்’. நாங்கள் அனைவரும் கரையில் நின்று கூவியவர்கள். பேசியவரோ அதே வெள்ளத்தில் நீந்தி ஏறியவர். அந்த வேறுபாட்டை அண்ணனின் குரலே காட்டிற்று.

கூட்டம், ஒரு மாதாகோயில் வளாகத்துப் பள்ளி வகுப்பறையில் நடந்தது. வாயிலில் சிலுவையைக் கண்டதும் அண்ணன் நின்றுவிட்டார்.

“தம்பி, நாற்பது ஆண்டுகளாக எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவன் நான். உடம்பு தளர்ந்த நேரத்தில் என்னை இங்கேயா அழைத்து வந்தாய்?”

“அண்ணா, நம் கூட்டத்துக்கு மண்டபம் கிடைக்காத நாளில் நாம் எங்கெல்லாம் இடம் கேட்டோம்! இடம் கொடுத்தவர் கொள்கையா நம் கொள்கை ஆயிற்று? இது வாடகை இடம். உள்ளே சென்று பார்ப்போம், ஒவ்வாவிட்டால் திரும்பிவிடுவோம். பாராமலே தீர்ப்புக் கூறுவது நம் வழக்கமன்றே!” என்றேன்.

உள்ளே சென்றோம். அன்று நடந்தது திறந்த கூட்டம், குடும்பத்தாரும் அமரலாம். மூடிய கூட்டம் என்பது குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியது. சிறுவர் அமரும் தாழ்ந்த பலகைகள். கரும்பலகையில் காலையில் போட்ட கணக்கு அழியாமல் இருந்தது. ஓரமாய் ஒரு மேசை, அதன்மீது தேநீர்க் குடுவை. இருபது பேருக்குக் குறையாது. தலைமை வகித்தவர்க்கு மாலை இல்லை, அடைமொழி இல்லை, மேடையே இல்லை. ஒவ்வொருவராகப் பெயரை மட்டும் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கினர். கூடியிருந்தோர் வணக்கம் கூறினர். முன்பு எப்படி இருந்தோம், என்ன நேர்ந்தது, இன்று எப்படி இருக்கிறோம் என்று பேசி அமர்ந்தனர். குறுக்குக் கேள்வி இல்லை. ‘நீ ஏன் குடித்தாய்?’ என்னும் வழக்குமன்றம் இல்லை. இறுதியில் ஒரு பை சுற்றி வந்தது; இயன்றவர் இட்டனர், இயலாதவர் அடுத்தவரிடம் தள்ளினர். கட்டணம் இல்லை. வெளியார் கொடையை அவர்கள் ஏற்பதுமில்லை.

அங்கே பேசப்பட்டவற்றை இங்கே எழுதமாட்டேன். கேட்டதை அந்த அறையிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. அந்த நம்பிக்கை உடைந்தால், மறுநாள் எவரும் வாய் திறவார்.

ஆனால், நான் கண்ணால் கண்ட ஒன்றைக் கூறலாம். அங்கே எவர் பெயருக்குப் பின்னாலும் வால் இல்லை! 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு கூறியது. அந்த அறையில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. ஊரும் குலமும் கேட்பார் இல்லை. மூட்டை தூக்கும் தோழரும் மடிப்புக் கலையாச் சட்டைக்காரரும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே குடுவைத் தேநீரைப் பருகினர். முன்னவர் பேச, பின்னவர் தலையசைத்து அழுதார். சமத்துவத்தைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம்; சமத்துவம் சத்தமின்றி உட்கார்ந்திருந்ததை நான் அங்கே பார்த்தேன்.

இந்தக் கூட்டம் பிறந்த வரலாறும் நாம் அறியத்தக்கதே. 1935-ஆம் ஆண்டு மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் வில்சன் என்பவர், வணிக வேலையாக ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகருக்குச் சென்றார். குடியால் சீரழிந்து, விட்டுச் சில மாதங்களே ஆனவர். சென்ற காரியம் தோற்றது. விடுதிக் கூடத்தில் தனியே நிற்கிறார்; ஒருபுறம் மதுக்கூடத்துச் சிரிப்பொலி, மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். பட்டியலில் கண்ட பாதிரிமார்களை அழைத்து, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்! அப்படிக் கிடைத்தவர் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டுமே பேசுவதாக ஒப்புக்கொண்டவர், பல மணி நேரம் பேசினார். அம்மருத்துவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10 என்று கொண்டு, அந்நாளையே இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கின்றனர். 1957-இல் அது இந்தியாவிலும் காலூன்றிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எது? வில்சன் மற்றவரைக் காப்பாற்றப் புறப்படவில்லை. தாம் குடிக்காமல் இருக்க, மற்றவர் துணையைத் தேடினார். உதவுபவர் மேலே, உதவி பெறுபவர் கீழே என்ற படிக்கட்டு அங்கே இல்லை. பத்தாண்டு குடிக்காதவர்க்கும், நேற்று நிறுத்தியவர் தேவைப்படுகிறார்.

“சரி, கடவுள்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், மழுப்ப மாட்டேன். 1939-இல் அவர்கள் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு படிகள் கூறப்பட்டுள்ளன. அவற்றில் கடவுள் வருகிறார், ஒருமுறையன்று, பலமுறை. அங்கே கூட்ட முடிவில் வேண்டுதலும் உண்டு. ‘அவரவர் கருதியவாறான கடவுள்’ என்ற பொருள்படும் தொடர் அதில் இடம்பெற்றதே, தொடக்க கால உறுப்பினர்களில் நம்பிக்கையற்றவர்கள் வாதாடியதால்தான். 1996-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் ஒரு தீர்ப்பளித்தது. குடும்பத்தாரோடு தங்கும் சலுகை வேண்டுமானால் இந்தப் படிமுறையில் சேர வேண்டும் என்று நாத்திகச் சிறையாளி ஒருவரைக் கட்டாயப்படுத்தியது, அரசு மதத்தைத் திணிப்பதாகும் என்றது அத்தீர்ப்பு. கனடாவின் டொராண்டோ நகரில், கடவுள் பெயரை நீக்கிப் படிகளை மாற்றி எழுதிய இரண்டு குழுக்களை 2011-இல் பட்டியலிலிருந்தே நீக்கினர்; வழக்காடிய பின்னர் 2017-இல் மீண்டும் சேர்த்தனர். ஆகவே, பகுத்தறிவாளன் எழுப்பும் ஐயம் வெறும் பிடிவாதமன்று. அதற்குச் சான்று உண்டு, வரலாறு உண்டு.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் பாருங்கள். 1975-லேயே சிகாகோவில் நம்பிக்கையற்றோருக்கான ஏ.ஏ. குழு அமைந்தது. 1985-இல் மதச்சார்பற்றோருக்கெனத் தனி அமைப்பே அமெரிக்காவில் எழுந்தது. 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்னும் அமைப்பு, கடவுளைக் கூப்பிடாமல், எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளவியல் முறைகளைக் கொண்டு கூட்டங்களை நடத்துகிறது. இணையவழியே எந்நாட்டாரும் கலந்துகொள்ளலாம். வழி ஒன்றன்று, பல.

அண்ணன் இதனையெல்லாம் படிக்கும் வரை காத்திருக்கவில்லை. இரண்டாம் கூட்டத்திலேயே எழுந்து, “எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, எனக்கு இங்கே இடம் உண்டா?” என்று கேட்டுவிட்டார். “குடியை விட விருப்பம் உண்டா?” என்று கேட்டனர். “உண்டு” என்றார். “அது ஒன்றே இங்கே தகுதி, உட்காருங்கள்” என்றனர். வேண்டுதல் வேளையில் எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் வாய்மூடி நிற்பார். எவரும் அவரை இடித்துரைத்ததில்லை. தனக்கு மேலான ஆற்றல் எது என்று கேட்டால், “இந்த இருபது பேர்” என்பார்.

பகுத்தறிவு என்பது என்ன? சொல்லைக் கேட்டு ஓடுவதன்று, விளைவை ஆராய்வது. ஆராய்ந்தும் இருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பு 2020-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ. கூட்டங்களுக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டோரில், ஓராண்டின் முடிவில் முற்றிலும் குடிக்காதிருந்தோர் நூற்றுக்கு 42. பிற சிகிச்சை முறைகளில் நூற்றுக்கு 35. அற்புதம் என்று துள்ளவும் வேண்டாம். அற்பம் என்று தள்ளவும் வேண்டாம். நூறு பேரில் ஏழு பேர் கூடுதலாகப் பிழைத்தனர். நூற்றில் 58 பேர் அங்கும் இடறினர் என்பதும் அதே கணக்குத்தான். பயன் எப்படி விளைகிறது என்று துருவியவர்கள் கண்ட காரணங்களில் முதன்மையானது எது தெரியுமா? குடிக்கும் நண்பர் வட்டம் சுருங்கி, குடிக்காத நண்பர் வட்டம் விரிவது! மனிதரை மீட்பது மனிதர் துணையே என்பது ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்த விடை. வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை; பக்கத்துப் பலகையைப் பார்த்தால் போதும்.

இவ்வளவையும் நான் எடுத்துரைக்கக் காரணம் ஒன்று உண்டு. இரண்டாம் மாதம் அண்ணன் படிப்பகத்துக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது, கை நடுங்கவில்லை, ஏட்டைப் பிரித்துப் படித்தார். இளந்தோழர் சிலர், “என்ன அண்ணே, செபக் கூட்டம் முடிந்ததா? ஞானஸ்நானம் எப்போது?” என்றனர். சிரிப்பு எழுந்தது. தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அண்ணனிடம் எழுத்துக் கற்றவர்களே. அண்ணனும் சிரித்தார். ஆனால், மறுநாள் கூட்டத்துக்குச் செல்லவில்லை. அதற்கு மறுநாளும் செல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு அண்ணி அழைத்தார். “பழையபடி கை நடுங்குகிறது. வாசலில் விழுந்து கிடக்கிறார். வாருங்கள்” என்றார். மீண்டும் மருத்துவமனை. இம்முறை வலிப்பும் வந்தது. இரண்டு இரவுகள், பிழைப்பார் என்று எவரும் எங்களுக்கு உறுதி சொல்லவில்லை.

குடித்தவர் அண்ணன்தான், அவர் கையில் எவரும் புட்டியைத் திணிக்கவில்லை. அதை அவரே சொல்கிறார். ஆயினும் தோழர்களே, மதுக்கடைக்குச் செல்பவரை நாம் கேலி செய்வதில்லை, அது பழகிவிட்டது. விடுவதற்குச் செல்பவரைக் கேலி செய்கிறோம்! கடவுள் மறுப்பு, மனிதனை நினைக்கச் சொன்ன கொள்கை. ஒரு சொல்லின் மீதுள்ள வெறுப்புக்காக ஒரு மனிதனைத் தெருவில் விழவிட்டால், அங்கே கொள்கை எங்கே நிற்கிறது?

மருத்துவமனையிலிருந்து வந்த அண்ணன், தலைகுனிந்தபடி மீண்டும் அந்த வகுப்பறைக்குள் நுழைந்தார். ‘எங்கே போனாய்?’ என்று எவரும் கேட்கவில்லை. ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். ஒருவர் தேநீர் நீட்டினார். கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கிற்று. இன்று பதினான்கு மாதங்கள். ‘குணமாகிவிட்டேன்’ என்று அவர் சொல்வதில்லை. ‘இன்று குடிக்கவில்லை’ என்கிறார். கொள்கையும் மாறவில்லை, சுவரொட்டி அச்சடிப்பும் நிற்கவில்லை.

அண்ணிக்கும் ஒரு கூட்டம் கிடைத்தது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென, வில்சனின் துணைவியார் லோயிஸ் முன்னின்று 1951-இல் அமைத்த அல்-அனான். “இத்தனை ஆண்டுகள் அவர் குடித்தார், நான் நடுங்கினேன். என் நடுக்கத்துக்கும் மருந்து வேண்டாமா?” என்றார் அண்ணி. சங்கிலி அடகுக்குப் போனதையும், அண்டை வீட்டாரிடம் பொய் சொல்லிச் சமாளித்ததையும், அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஆறினர். நம் சென்னையிலேயே, குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்ததும் இந்த உண்மையை உணர்ந்தே.

மதுவைப் பற்றி நம் நாடு பேசாத பேச்சில்லை. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது, 1948-இல் மாகாணம் முழுதும் பரவிற்று, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, பின்னர் மறைந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. திறப்பதா, மூடுவதா என்ற வாதம் தேவையானதே, நடக்கட்டும். ஆனால், கடை திறந்திருந்த நாளிலும் மூடியிருந்த நாளிலும், ஏற்கெனவே நோயுற்றவன் ஒருவன் நம் தெருவில் இருந்தான். அவனுக்கு நாம் என்ன வைத்திருந்தோம்? ஒன்றிய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது: நாட்டில் மதுவால் நேர்ந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானோரில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர், 38 பேருக்கு ஒருவர் மட்டுமே! மற்ற 37 பேரும் நமக்கு முகம் தெரியாதவர்கள் அல்லர். படிப்பகத் திண்ணையில், பேருந்து நிலையத்தில், ஏன், நம் ஊர்வலத்திலேயே இருக்கிறார்கள்.

எனவே, செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

நம் ஒவ்வொரு படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையிலும், அருகில் நடக்கும் கூட்டத்தின் இடமும் கிழமையும் நேரமும் எழுதப்படட்டும். எழுதுமுன், ஒருமுறை நேரில் சென்று, பூட்டுத் தொங்குகிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை, அவற்றையும் பெரிதாக எழுதுங்கள். நாள்தோறும் குடிப்பவர் நிறுத்த விரும்பினால், முதலில் மருத்துவர், பிறகு கூட்டம் என்று கூறுங்கள். முதல் நாள் அவரோடு வாயில் வரை செல்லுங்கள். தனியே செல்லும்போது அந்த வாயில் மிக உயரமாகத் தெரியும். ஒரு கூட்டம் ஒவ்வாவிட்டால் இன்னொன்றைத் தேடுங்கள்; கடவுள் பெயர் இல்லாத கூட்டமே வேண்டுமென்றால், இணையவழிக் கூட்டத்தில் சேரக் கைபேசியைத் திறந்து கொடுங்கள்.

இறுதியாக ஒன்று. மாதாகோயில் ஒரு வகுப்பறையைத் தந்திருக்கிறது. நம் படிப்பகங்கள் இரவு எட்டு மணிக்குப் பிறகு பூட்டித்தானே கிடக்கின்றன? வாரத்தில் ஓர் இரவு, அந்தக் கூடத்தை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். இலவசமாய்ப் பெற மாட்டார்கள். தம் செலவைத் தாமே ஏற்பது அவர்கள் வழக்கம். கொடுக்கும் சிறு வாடகையை வாங்கிக்கொள்ளுங்கள். தேநீர்க் குடுவை ஒன்று, விசிப்பலகைகள் நான்கு, எரியும் விளக்கு ஒன்று போதும். எங்கள் பகுதிப் படிப்பகத்தில் வெள்ளிக்கிழமை இரவைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அண்ணனைக் கேலி செய்த அதே இளந்தோழர்கள் மூவர், அதில் முதற் கையெழுத்து இட்டிருக்கிறார்கள்.